அலுமினியமும் உப்புக்காற்றும்

கொடிகாமத்தின் அமைவிடத்தை அறிந்தவர்க்கு, அவ்வூரில் உலோகம் நெடுங்காலம் பழுதின்றி நிற்பதில்லை என்பது வியப்பை அளிக்காது. தெற்கே கச்சாய்க் கரையில் யாழ்ப்பாணக் கடல்நீரேரி விரிந்து கிடக்கின்றது. வடக்கே வரணியைக் கடந்து சென்றால் தொண்டைமானாற்றோடு சேர்ந்த உவர்நீர்ப் பரப்பு எதிர்ப்படுகின்றது. சோளகக் காலத்திலே தென்மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரு நீரேரியின் ஈரத்தையும், வாடைக் காலத்திலே வடக்கிலிருந்து வரும் காற்று மற்றதன் ஈரத்தையும் ஊருக்குள் கொண்டுவருகின்றன. கிழக்கே ஆனையிறவில் உப்பு விளைவதற்கு எந்த வெயிலும் காற்றும் காரணமோ, அவையே கொடிகாமத்தின் கதவுக் கீல்களையும் கிணற்றுக் கப்பிகளையும் வேலிக் கம்பிகளையும் மெல்ல மெல்லத் தின்கின்றன. இரும்பின்மேற் படரும் செந்நிறப் பொடியைப் பாடநூல்கள் துரு என்கின்றன. யாழ்ப்பாணத்தார் கறள் என்பர்.

இவ்வூர் வாகனங்களின் ஊருமாகும். கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் இங்கு சந்திக்கின்றன. சந்தைக்குத் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் ஏற்றிவந்த தட்டிவான்கள் கொடிகாமத்திற்கும் பருத்தித்துறைக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடின. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய வாகனம் என்பது பலருக்குக் கனவாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருளையும் உதிரிப்பாகங்களையும் கிடைத்தற்கரியன ஆக்கிற்று. பெற்றோலிற் சிறிது நேரம் இயக்கிய எந்திரத்தை மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை அக்காலத்து யாழ்ப்பாணம் முழுவதும் கற்றுக்கொண்டது. பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் உலகின் வேறிடங்களிற் காட்சிப்பொருள்களாகிவிட்ட பின்னரும் குடாநாட்டில் அன்றாடச் சுமை சுமந்தமைக்கு இதுவே காரணம். மாற்றுப்பொருள் இல்லாத இடத்தில் உள்ள பொருளைக் காப்பது பொழுதுபோக்கு அன்று; அது பிழைப்பு.

இப்பழைய வாகனங்களுள் பெரும்பாலானவை உருக்குத் தகட்டாலானவை. ஆயினும் லான்ட் றோவர் போன்ற சிலவற்றின் உடல் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. இவ்வுலோகத்திற் கறள் ஏறுவதில்லை. எனவே அதற்குக் கேடே இல்லை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் கொடிகாமத்துக் காற்றிற் சில ஆண்டுகள் நின்ற அலுமினியத் தகட்டைக் கவனித்தால், ஆணிகளைச் சுற்றியும் மூட்டுகளின் ஓரங்களிலும் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் காணலாம். அப்பொடியைத் தட்டினால் அதன் அடியிற் சிறு குழிகள் தெரியும். வர்ணம் பூசப்படாத வெறும் அலுமினியத்தில் இவ்வரிப்பு எவ்வாறு தோன்றுகிறது, அதனை எவ்வாறு நீக்கலாம், வராமல் எவ்வாறு காக்கலாம் என்பன ஆராயத்தக்க வினாக்கள். இவ்வினாக்களுக்கான விடை ஆய்வுகூடத்தில் மாத்திரம் இல்லை. கொடிகாமத்துப் பட்டறைகளிலும் இருக்கின்றது.

அடுக்களைக்கு வந்த உலோகம்

அலுமினியம் மண்ணில் மிகுதியாக இருப்பினும் மனிதர் கைக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. 1825இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் அதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஹெரூலும் ஒருவரையொருவர் அறியாமல் மின்பகுப்பு முறையைக் கண்டுபிடிக்கும் வரை அது விலையுயர்ந்த அபூர்வப் பொருளாகவே இருந்தது. அதன்பின் விலை சரிந்தது. 1898 அளவில் அல்பிரெட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடக்கி வைத்தார். தமிழர் அடுக்களையில் மண்சட்டிக்கும் பித்தளைக்கும் அருகே இப்புதிய உலோகம் இடம்பிடித்த வரலாற்றில் அது ஒரு முக்கிய கட்டம்.

வாகனத் தொழிலில் அதன் பெருக்கத்திற்குப் பற்றாக்குறையும் துணைசெய்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குப் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. எனவே றோவர் நிறுவனம் தன் புதிய வாகனத்தின் உடலை, மகனீசியம் கலந்த அலுமினியத் தகட்டால் அமைத்தது. 1948 ஏப்ரில் 30ஆம் நாள் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லான்ட் றோவர் அதுவே. ஆனால் அதன் அடிச்சட்டமும், ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரும் உருக்காலானவை. இருவேறு உலோகங்கள் ஒன்றோடொன்று முடுக்கப்பட்ட இவ்வமைப்பிலேதான் பின்னாளைய சிக்கலின் வித்து இருந்தது.

தன்னைக் காக்கும் தோல்

மின்னிரசாயனத் தொடரை நோக்கின் அலுமினியம் இரும்பைவிட மிகவும் தாக்குதிறன் உடையது. அதன் நியம மின்வாய் அழுத்தம் −1.66 வோல்ற்று, இரும்பினது −0.44 வோல்ற்று. இக்கணக்கின்படி அலுமினியப் பானை மழையிற் கரைந்துபோக வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள ஒட்சைட்டுப் படலம். காற்றுப் பட்ட கணத்திலேயே உருவாகும் இப்படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் 2 முதல் 4 பங்கு மட்டுமே. இரும்பின் கறள் உதிர்ந்து அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது. அலுமினியத்தின் ஒட்சைட்டோ உலோகத்தோடு இறுகப் பற்றி நின்று, மேலும் தாக்கம் நிகழாது தடுக்கின்றது. கீறினால் கீறிய இடத்தில் உடனே புதிதாகத் தோன்றுகின்றது. சுருங்கக் கூறின், அலுமினியத்தின் முதல் அரிப்பே அதன் முதற் கவசம்.

லண்டன் பிக்கடில்லிச் சதுக்கத்தில் 1893இல் நிறுவப்பட்ட அலுமினியச் சிலையும், ரோமாபுரியில் சான் ஜோவக்கினோ தேவாலயக் குவிமாடத்தில் 1897இல் வேயப்பட்ட அலுமினியத் தகடுகளும் நூறாண்டைக் கடந்து நிற்பது இக்கவசத்தின் வலிமைக்குச் சான்று. ஆகவே வெறும் அலுமினியம் வெளியில் வாழமுடியாத பொருள் அன்று. அதன் கவசத்தைக் குலைப்பவை எவை என்பதே கேள்வி.

இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துப் பெண்கள் அடுக்களையிலேயே கண்டிருக்கின்றனர். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம் கறுக்கின்றது. அதே பாத்திரத்தில் புளி கரைத்த குழம்பு கொதித்தால் கறுப்பு நீங்கி வெளிறுகின்றது. அடுப்புச் சாம்பலால் ஓயாது தேய்த்த பாத்திரம் ஒளி மங்குகின்றது. ஒட்சைட்டுப் படலம் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4க்கும் 9க்கும் இடையிலேயே உறுதியாக நிற்கும். சாம்பல், சலவைச் சோடா, சுண்ணாம்பு, ஈரச் சீமெந்து ஆகிய காரப் பொருள்கள் அதனைக் கரைக்கின்றன. எரிசோடா அலுமினியத்தையே கரைத்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். வலிமையான அமிலங்களும் அவ்வாறே. அடுக்களையில் உண்மையானது வாகனத்திலும் உண்மை: சீமெந்து மூடை சிந்திய பெட்டியைக் கழுவாமல் விட்டவர், தாம் அறியாமலே கவசத்தை உரித்துவிட்டவராவார்.

உப்பு செய்யும் வேலை

காரத்தைவிடக் கொடிகாமத்துக்கு அணுக்கமான பகை உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் படலம் முழுவதையும் ஒருசேரத் தாக்குவதில்லை. அதன் நலிந்த புள்ளிகளைத் தேடி நுழைகின்றன. நுழைந்த இடத்தில் ஊசிமுனை அளவான குழி தோன்றுகின்றது. குழிக்குள் கரைந்த அலுமினியம் நீரோடு தாக்கமுற்று அமிலத்தன்மையை உண்டாக்குகின்றது. அந்த அமிலம் குழியின் சுவரில் புதிய படலம் உண்டாவதைத் தடுக்கின்றது. மேலும் குளோரைட்டை உள்ளிழுக்கின்றது. குழி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். வெளியில் தெரிவது வாயிலில் திரண்ட வெள்ளைப் பொடியான அலுமினியம் ஐதரொட்சைட்டு மட்டுமே. மேற்பரப்பெல்லாம் நன்றாக இருக்க ஓரிடத்தில் மட்டும் தகடு துளைபட்டுப்போவது இதனாலேயாகும்.

இரண்டாவது காரணம் வேற்றுலோகத்தின் தொடர்பு. உப்புநீர் நனைத்த நிலையில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அவை இரண்டும் ஒரு சிறு மின்கலமாகின்றன. அக்கலத்திற் கரைவது அலுமினியம். செம்பு அல்லது பித்தளை தொட்டுக்கொண்டிருந்தால் கேடு இன்னும் பெரிது. இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்டதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1761இல் பிரித்தானியக் கடற்படை அலாம் என்னும் கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகட்டால் மூடிற்று. சில ஆண்டுகளில் மீண்டும் ஆராய்ந்தபோது தகட்டைத் தாங்கிய இரும்பாணிகள் அரித்துக் கூழாகியிருந்தன. ஆனால் தகடு சுற்றிவந்த தடித்த பழுப்புக் காகிதம் அகற்றப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் இடையில் தற்செயலாக நின்ற இடங்களில் ஆணி பழுதின்றி இருந்தது. இரு உலோகங்களைப் பிரிக்கும் ஒரு மெல்லிய தாள், ஒரு போர்க்கப்பலின் ஆணியைக் காத்தது. கொடிகாமத்துப் பட்டறையில் ஆணிக்கு அடியில் இடப்படும் இரப்பர் வாசர் செய்வதும் அதே வேலைதான்.

பட்டறையில் ஒரு வாகனம்

கொடிகாமத்துப் பட்டறை ஒன்றில் முதிய தகட்டுவேலைக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய லான்ட் றோவர் வந்து சேர்ந்தது. அதனைக் கொண்டுவந்தவரின் தந்தையார் 1970களில் ஏலத்தில் எடுத்தது அது. தேங்காயும் எருவும் வைக்கோலும் சுமந்தது; ஊரிற் பலரை மருத்துவமனைக்கும் கொண்டுசென்றது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சி போர்க்களமானபோது, எரிபொருளின்றி வளவு மாமரத்தின்கீழ் அதனை விட்டுவிட்டுக் குடும்பம் வடமராட்சிக்குப் பெயர்ந்தது. 2002இல் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை; வாகனம் நின்ற இடத்திலேயே நின்றது. வெயிலில் வெடித்த பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுவர்ணம் பூசப் பணமில்லாமையால், வெறும் அலுமினியமாகவே அதனைப் பல்லாண்டுகள் ஓட்டினர். தந்தையார் காலமான பின் அது மகனுக்கு வந்தது.

பழைய வாகனங்களைச் சேர்க்கும் கொழும்பு வணிகர் ஒருவர் அதற்கு நல்ல விலை பேசியிருந்தார். நிபந்தனை ஒன்றே: உடல் முழுவதும் கண்ணாடிபோல் மினுங்க வேண்டும்.

"அண்ணை, ஒரு கிழமைக்கை மினுக்கித் தரேலுமோ?" என்று மகன் கேட்டார்.

"மினுக்கலாம் தம்பி. ஒரு மாசத்துக்கு நல்லா மினுங்கும். அதுக்கு முதல் இங்கை வந்து உள்ளுக்கை ஒருக்காப் பாருங்கோ" என்றார் முதியவர்.

அவர் காட்டிய இடங்கள் பொனற்றோ கூரையோ அல்ல. இரண்டு மாரி மழையையும் நேரே வாங்கிய அவ்விடங்கள் சாம்பல் நிறம் அடைந்திருந்தனவே தவிர உறுதியாக இருந்தன. பின்புற மூலையில், மாஞ்சருகும் மண்ணும் அடைந்துகிடந்த மடிப்பில்தான் தகடு உப்பிப் பிளந்திருந்தது. உருக்குச் சட்டத்தோடு முடுக்கிய ஒவ்வொரு போல்ற்றையும் சுற்றி வெண்பொடி கட்டியிருந்தது. கதவின் அடியோரம் விரலால் அழுத்தியபோது மடிந்தது.

"மழை கழுவின இடம் தப்பிட்டுது. மழை படாத இடந்தான் போட்டுது" என்றார் அவர்.

மழை பட்ட இடமே முதலிற் கெடும் என்பது பொது நம்பிக்கை. அலுமினியத்தில் உண்மை பெரும்பாலும் எதிர்மாறானது. நல்ல மழை உப்பைக் கழுவிச் செல்கின்றது. பின் வெயில் உலர்த்துகின்றது. படலம் மீண்டும் உறுதிபெறுகின்றது. மறைவான மடிப்புகளில் உப்பு ஆண்டுதோறும் சேர்கின்றது. சருகும் சாக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. காற்றின் ஒட்சிசன் அங்கு எட்டாமையால் படலம் தன்னைப் புதுப்பிக்க முடிவதில்லை. முதியவர் எந்தப் பாடநூலிலும் இதனைப் படித்தவர் அல்லர். நூற்றுக்கணக்கான கதவுகளைக் கழற்றிப் பார்த்துப் பெற்ற முடிவு அது.

நீக்கும் முறை

அந்த வாகனத்தில் வேலை நடந்த ஒழுங்கு குறித்துவைக்கத் தக்கது. முதலில் நன்னீராலும் காரம் குறைந்த சவர்க்காரத்தாலும் உடல் முழுவதும் கழுவப்பட்டது. தென்மராட்சியிற் சில கிணறுகள் உவர். அந்நீராற் கழுவி வெயிலில் உலரவிட்டால் உப்பைக் கழுவுவதற்குப் பதிலாக உப்பைப் பூசியதாகிவிடும். எனவே கழுவும் நீரைத் தெரிவதே முதல் வேலை. பின்னர் உதிரக்கூடிய வெண்பொடி தேங்காய்ப் பொச்சாலும் நைலோன் தூரிகையாலும் தேய்த்து நீக்கப்பட்டது.

இங்கு ஒரு விலக்கு உண்டு. இரும்புக் கம்பித் தூரிகையையும் இரும்புத் தும்பையும் அலுமினியத்தில் தொடவே கூடாது. அவற்றின் நுண்துகள்கள் மென்மையான அலுமினியத்திற் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலமாகிப் புதிய குழிகளைத் தோற்றுவிக்கும். இரும்பை அரைத்த சாணைச் சில்லாலும் அலுமினியத்தை அரைக்கலாகாது. அதனால் மேற்கூறிய கேடு விளைவதோடு, இரும்புக் கறளும் அலுமினியத் தூளும் கலந்த கழிவு தீப்பொறி பட்டால் கடும் வெப்பத்துடன் எரியக்கூடியது.

பொடி நீங்கிய பின், வோட்டர் பேப்பர் எனப் பட்டறையில் வழங்கும் நனைத்துத் தேய்க்கும் அரத்தாளால், 400, 800, 1200 என எண் ஏறும் வரிசையில், குழியின் அடியிற் சுத்தமான உலோகம் தெரியும்வரை தேய்க்கப்பட்டது. தேய்த்தும் போகாத கறைக்கு நீர்கலந்த பொசுபோரிக் அமிலம் சில நிமிடங்கள் தடவி உடனே பெருநீராற் கழுவப்பட்டது. கறள் நீக்கி என்ற பெயரில் விற்பனையாகும் திரவங்களுட் சில பொசுபோரிக் அமிலமும் சில ஐதரோக்குளோரிக் அமிலமும் கொண்டவை. பின்னது குளோரைட்டையே கொண்டிருப்பதால் அலுமினியத்திற்கு முற்றிலும் ஆகாது. எந்த அமிலமாயினும் மடிப்புகளுக்குள் விடலாகாது. உள்ளே சென்றதைக் கழுவி எடுக்க வழியில்லை. பித்தளையை விளக்கப் புளியும் உப்பும் சேர்ப்பது நம் வழக்கம். அலுமினியத்தில் அந்த உப்பே நஞ்சு.

அழுத்தியபோது மடிந்த பகுதியை எந்த மருந்தும் மீட்காது. அரித்துப்போன உலோகம் மீண்டும் வளர்வதில்லை. அப்பகுதி நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுக்கப்பட்டு, அதே வகைத் தகட்டால் ஒட்டுப் போடப்பட்டது. ஒட்டுக்கு இடையில் நீர்புகாப் பசை இடப்பட்டது. அலுமினிய றிவெற்றே அறையப்பட்டது. செப்பு றிவெற் உறுதியானதாகத் தோன்றினாலும் அது அலுமினியத்திற்கு எமன்.

வராமற் காத்தல்

நீக்குவதைவிடத் தடுப்பது எளிது. தடுப்பு முறைகளுள் தலையாயது இரு உலோகங்களையும் பிரித்தல். ஒவ்வொரு போல்ற்றும் கழற்றப்பட்டு, அதன் கழுத்தில் நைலோன் உறையும் தலையின் அடியில் இரப்பர் வாசரும் இடப்பட்டன. போல்ற்றுகள் நாகமுலாம் பூசியவையாக மாற்றப்பட்டன. உருக்குச் சட்டத்தின் முகத்திற்கு வர்ணம் பூசப்பட்டு, அதன்மேல் நீர்புகா நாடா ஒட்டப்பட்டது.

வர்ணத்தை எந்த உலோகத்திற்குப் பூசுவது என்பதிற் பலர் தவறுகின்றனர். கரைவது அலுமினியம் ஆதலால் அதனை மட்டும் மூடுவதே அறிவுடைமை என்று தோன்றும். ஆனால் அவ்வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்தால், விரிந்து கிடக்கும் இரும்பு முழுவதற்கும் ஈடாக அச்சிறு கீறலே கரைய நேரிடும். தகடு விரைவில் துளைபடும். எனவே இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே பூச இயலுமாயின் இரும்புக்கே பூச வேண்டும். இரும்புக்குப் பழைய காலத்திற் பூசப்பட்ட செவ்வீயப் பூச்சை அலுமினியத்திற் பூசுவதும் தவறு. ஈயச் சேர்வை அரிப்பை ஊக்குவிக்கும். ஒரு காலத்தில் விமானத் தொழிலிற் பரவலாகப் பயன்பட்ட நாகக் குரோமேற்றுப் பூச்சு நல்ல காப்பே எனினும், அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிப்பதென அறியப்பட்டபின் அதன் பயன்பாடு பல நாடுகளிற் குறைக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது நீர் தங்காமை. கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன, அவை திறக்கப்பட்டன. பெட்டியின் தரையில் நிரந்தரமாகக் கிடந்த சணற்சாக்கு அகற்றப்பட்டது. கருவாடு, உரம், சீமெந்து ஆகியவற்றை ஏற்றிய நாளில் அன்றே கழுவவேண்டும் என்பது முதியவர் விதித்த கட்டளை. கழுவி உலர்ந்த தகட்டின்மீது மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய மெழுகு தேய்த்தால் உப்புநீர் அங்கு பற்றி நிற்காது.

தொழிற்சாலைகளில் ஒட்சைட்டுப் படலத்தை மின்னாற் றடிப்பாக்கும் முறையும் உண்டு. 1923இல் பிரித்தானியாவில் பெங்கோவும் ஸ்ருவாட்டும் கடல்விமானப் பாகங்களை உப்புநீரிலிருந்து காக்க இம்முறையைக் கையாண்டனர். இன்று இவ்வகையில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 5 முதல் 25 பங்கு தடிப்புள்ள படலத்தைப் பெறலாம். ஆயினும் பாகங்களைத் தனித்தனியே அமிலத் தொட்டியில் அமிழ்த்த வேண்டியிருப்பதால், பூட்டி முடித்த வாகனத்துக்கு அது பொருந்தாது.

பளபளப்பின் விலை

இனி மினுக்கும் கேள்விக்கு வருவோம். மினுக்குதல் என்பது மேற்பரப்பை ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக அகற்றுவதே. ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பான தகடு அதனை ஆண்டுக்கு ஒருமுறை தாங்கும், மாதந்தோறும் தாங்காது. கடற்காற்று வீசும் ஊரிலோ மினுக்கம் சில வாரங்களில் மங்கும். மங்கியதை மீண்டும் மினுக்க வேண்டும் என்ற ஆசை எழும். நிறமற்ற பூச்சால் மினுக்கத்தை மூடிவிடலாம் என்பர். அப்பூச்சு கீறுபடும் வரை அழகாகவே இருக்கும். கீறுபட்ட பின் அதன் அடியில் நூல்நூலாக அரிப்பு ஊர்ந்து செல்லும். அதனை நீக்குவதற்குப் பூச்சு முழுவதையும் உரிக்க நேரும். சாம்பல் நிறமோ உலோகம் தானே நெய்துகொண்ட போர்வை. அதனை அழுக்கு என்று கருதுவது கண்ணின் பழக்கமேயன்றி உலோகத்தின் குறை அன்று. மினுக்கம் விரும்புவோர் விரும்பட்டும். ஆனால் மூட்டுகளைத் திறந்து பார்க்காமல் மேற்புறத்தை மட்டும் மினுக்குவது, நோயாளிக்கு மருந்து கொடாமற் சந்தனம் பூசுவதை ஒக்கும்.

முதியவர் இதனை விளக்கியபின் மகன் இரண்டு நாள் யோசித்தார். மினுக்குவதற்கும் மூட்டுகளைத் திறப்பதற்கும் ஒருசேரச் செலவிட அவரிடம் பணம் இல்லை. மினுக்கினால் வணிகர் வாங்குவார். வாங்கியவர் சில ஆண்டுகளிற் கதவு கழன்று விழுவதைக் காண்பார். அதற்குள் வாகனம் கைமாறியிருக்கும். மூட்டுகளைத் திறந்தால் வாகனம் நீடிக்கும்; ஆனால் விற்பனை நடவாது. வெளிநாட்டிலிருந்த உடன்பிறந்தோர் விற்றுவிடுமாறே கூறினர்.

"அப்பு கழுவிக் கழுவி வைச்சிருந்தவர் அண்ணை. உள்ளதைச் செய்யுங்கோ" என்றார் அவர் இறுதியில்.

வணிகர் வேறு வாகனம் தேடிச் சென்றார். அந்த லான்ட் றோவர் இன்றும் சாம்பல் நிறத்தோடு சந்தைக்குத் தேங்காய் ஏற்றிச் செல்கின்றது. கிடைத்திருக்கக்கூடிய பணம் அக்குடும்பத்துக்குச் சிறு தொகை அன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதப்படாத அறிவு

இப்பட்டறையில் இன்று பயில்வோர் எவருமில்லை. இளைஞர்கள் வெளிநாடு செல்கின்றனர். அல்லது புதிய வாகனங்களைப் பழுதுபார்க்கும் நிலையங்களில் வேலை தேடுகின்றனர். அவர்கள்மீது குறைகூற இடமில்லை. பழுதடைந்த பகுதியைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டும் தொழிலுக்கு வருமானம் கூட. காப்பதற்கு வேண்டிய பொறுமைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஆனால் தடையும் போரும் நிலவிய காலத்தில் ஒரு சமூகம் தன் கையிலிருந்த பொருள்களை எவ்வாறு காத்தது என்பது அச்சமூக வரலாற்றின் பகுதியாகும். அரசியல் நிகழ்ச்சிகள் எழுதப்படுகின்றன, இடப்பெயர்வுகள் எழுதப்படுகின்றன. எந்தக் கிணற்று நீர் வாகனம் கழுவ உகந்தது, எந்த ஆணிக்கு எந்த வாசர் என்பவை எழுதப்படுவதில்லை. அறிந்தவர் மறையும்போது அவையும் மறைகின்றன.

தமிழிற் கற்கும் மாணவருக்கு ஒட்சைட்டும் குளோரைட்டும் மின்வாய் அழுத்தமும் பாடநூலிற் கிடைக்கின்றன. ஆனால் அப்பாடநூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக் குடுவைகளே. சருகு அடைந்த கதவு மடிப்பும் சாம்பலாற் கறுத்த பானையும் உவர்க் கிணறும் அங்கு இடம்பெறின், கற்றது கண்ணெதிரே நிற்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இதே கண்டி வீதி வழியே சென்றால் எட்டக்கூடிய கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. அங்குள்ள மாணவரும் கலைப்பீட மாணவரும் சேர்ந்து குடாநாட்டுப் பட்டறைகளுக்குச் சென்று, முதியோர் சொல்வதைச் சொன்னவாறே பதிந்து, ஆய்வுகூட முடிவுகளோடு ஒப்புநோக்கி, தமிழில் ஒரு சிறு கைந்நூல் வெளியிடுவது பெரும் பொருட்செலவு வேண்டாத பணி. அதற்குத் தேவையானது ஒரு குறிப்பேடும் சில விடுமுறை நாள்களும், கைகளில் எண்ணெய் படிந்த ஒருவரை ஆசிரியராக ஏற்கும் மனமுமே. சோளகம் ஆண்டுதோறும் உப்பைக் கொண்டுவரும். அந்த உப்பைக் கழுவ அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.